டிஸ்சார்ஜுக்குப் பிறகும் சிப்பாய்

தி. நகர் உஸ்மான் சாலையின் நகைக்கடை வாசல்களிலும் அடையாறின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கேட்டுகளிலும் காவலுக்கு நிற்பவர்களில் கணிசமானோர் முன்னாள் படைவீரர்கள். பதினைந்து, பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு, நாற்பதை எட்டும் முன்பே வெளியே வந்தவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழக அரசு 1986இல் டெக்ஸ்கோ என்ற கழகத்தைத் தொடங்கியது. அதன் அலுவலகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. அந்தக் கழகம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. என் சண்டை, இந்த நகரம் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்ட ஓர் எண்ணத்தோடு. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு ராணுவத்தோடு இருந்த கணக்கு முடிந்துவிட்டது. பென்ஷன், கேன்டீன் கார்டு, ஒரு செக்யூரிட்டி வேலை, அவ்வளவுதான் மிச்சம் என்பது அந்த எண்ணம். பத்தாண்டு சிவிலியனாக வாழ்ந்த ஒருவர் மறுபடி சீருடை போட விரும்புகிறேன் என்று சொன்னால் மயிலாப்பூரிலும் சரி, அடையாறிலும் சரி, பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உடம்பு போய்விட்டது, ராணுவம் மாறிவிட்டது, குடும்பத்தைப் பார், சினிமா பார்த்துவிட்டுப் பேசாதே. இந்த நான்கு வாக்கியங்களும் அனுபவ ஞானம்போல் ஒலிக்கின்றன. நம் நாட்டின் சட்டத்தையும் அண்மை வரலாற்றையும் வைத்துப் பார்த்தால் நான்கும் தவறு, அல்லது பாதி உண்மை.

முதலில் சட்டத்தின் பக்கம் போவோம். ராணுவத்தில் சேரும் ஒரு சிப்பாயின் ஒப்பந்தத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, படைப்பிரிவோடு இருந்து செய்யும் பணி. இன்னொன்று, வெளியே வந்த பிறகும் அழைத்தால் வரவேண்டிய ரிசர்வ் காலம். இதற்கான சட்டம் 1888ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் சில பத்தாண்டுகளில் ஏழெட்டு ஆண்டுகள் பணி, அதே அளவுக்கு ரிசர்வ் என்று ஏற்பாடு இருந்தது. பிறகு பணிக்காலம் நீண்டு ரிசர்வ் காலம் சுருங்கியதே தவிர, கருத்து மறையவில்லை. ஒரு மனிதனைப் பயிற்றுவிக்கச் செலவழித்த அரசு, அவன் ஊர் திரும்பியதும் அவனை மறந்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. மறப்பது நம் சமூகப் பழக்கமாக வந்தது, சட்டமாக வரவில்லை.

இதைவிட நெருக்கமான ஒரு சான்று தி. நகரிலேயே இருக்கிறது. பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1949 அக்டோபர் 9ஆம் தேதி பிராந்திய ராணுவத்தைத் தொடங்கிவைத்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்தப் படையின் அடிப்படையே சிவிலியன் வாழ்க்கையையும் சீருடையையும் ஒரே மனிதனிடம் சேர்த்துவைப்பதுதான். இன்றும் அதில் அதிகாரியாகச் சேர விண்ணப்பிப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும், வயது 18 முதல் 42 வரை இருக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொந்தமாக ஒரு வருமானமோ வேலையோ இருக்க வேண்டும். வேலையில்லாதவருக்கு அங்கே இடமில்லை. ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி முகாம், தொடக்கத்தில் டேராடூனில் மூன்று மாதப் பயிற்சி, தேவை வந்தால் முழுநேரப் பணிக்கு அழைப்பு. முன்னாள் ராணுவ அதிகாரிகளுக்கும் அதில் வழி உண்டு. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் அந்தப் படையின் பட்டாலியன்கள் இருக்கின்றன. 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களிலும் இந்தப் படை பணியாற்றியிருக்கிறது. மிதவாதத்துக்குப் பேர்போன ஒரு சென்னைக்காரர் கையால் தொடங்கப்பட்ட இந்த அமைப்பைப் பற்றி அவர் வாழ்ந்த தெருவிலேயே இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது கவலையோடு கேட்க வேண்டிய கேள்வி.

இனி உடம்பைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். மற்ற வாதங்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும் சுவர் இதுதான். நாற்பதைத் தாண்டியவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பார்கள். இந்திய ராணுவத்திலேயே, நாற்பதைத் தாண்டியவர்களை வைத்தே இயங்கும் ஒரு படை இருக்கிறது. டி.எஸ்.சி. என்று முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் பாதுகாப்புக் காவல் படை அது. 1947இல் உருவானது, கேரளத்தின் கண்ணூரில் அதன் மையம் இருக்கிறது. ராணுவத்தை விட்டு வந்தவர்களை மறுபடி சேர்த்துக்கொண்டு, விமானத்தளங்கள், ஆயுதக் கிடங்குகள், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் காவலை அவர்களிடம் ஒப்படைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியும் அதில் பணியாற்றுகிறார்கள். நாடு முழுக்கப் பாதுகாப்புத் துறையின் எத்தனையோ வாசல்களில் இரவில் விழித்திருப்பவர்கள், நம் கணக்கில் ‘முடிந்துபோனவர்கள்’.

2016 ஜனவரி 2ஆம் தேதி விடியும் முன் பதான்கோட் விமானத்தளத்துக்குள் பயங்கரவாதிகள் நுழைந்தார்கள். அந்தத் தாக்குதலில் இறந்த பாதுகாப்புப் படையினர் ஏழு பேரில் ஐந்து பேர் டி.எஸ்.சி.யைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் சுபேதார் மேஜர் ஃபதே சிங். டோக்ரா ரெஜிமென்ட்டில் பணி முடித்துவிட்டு மறுபடி வந்தவர், ஐம்பதைக் கடந்தவர், 1995ஆம் ஆண்டு காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வென்றவர். இன்னொருவர் சிப்பாய் ஜகதீஷ் சந்த். சமையற்கூடத்தில் இருந்தபோது தாக்குதல் வந்தது. கையில் ஆயுதம் இல்லை. ஓடி ஒளியாமல் தாக்க வந்தவனைத் துரத்திப் பிடித்து, அவனுடைய துப்பாக்கியையே பறித்து அவனைச் சுட்டுக் கொன்றார்; பிறகு மற்றவர்கள் சுட்டதில் இறந்தார். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா அளிக்கப்பட்டது. ராணுவத்தை ஒரு முறை விட்டு வந்து, பிறகு திரும்பிப் போன மனிதர் செய்த காரியம் இது.

பதான்கோட்டுக்குப் பிறகு எழுந்த விமர்சனம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்களை வைத்து முக்கியமான ஒரு விமானத்தளத்தைக் காவல் காத்ததால்தான் இவ்வளவு இழப்பு என்று பலர் எழுதினார்கள். அந்த விமர்சனத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது வயதைப் பற்றிய உண்மை இல்லை. தாக்குதல் வரலாம் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்த ஒரு தளத்தில் காவல் படையினர் ஏன் நிராயுதபாணிகளாக இருந்தார்கள், சுற்றுச்சுவரின் ஓட்டைகள் ஏன் அடைக்கப்படவில்லை, பயங்கரவாதிகள் எப்படி உள்ளே வந்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்த சிப்பாயின் பிறந்த தேதி பதிலாகாது. இருபத்திரண்டு வயது இளைஞன் ஆயுதமின்றி அதே இடத்தில் நின்றிருந்தால் அவன் மட்டும் எப்படித் தப்பித்திருப்பான்? திரும்பி வந்தவர்களுக்குப் பழைய ஆயுதமும் குறைந்த பயிற்சியும் கொடுத்துவிட்டு, விளைவு மோசமானதும் அவர்கள் வயதைக் காட்டுவது நிர்வாகத்துக்கு வசதியான விடை. குறையைத் திருத்துவதற்கு அது உதவாது.

உடம்பைப் பற்றிய வாதம் இன்னொரு விதத்திலும் சறுக்குகிறது. மேஜர் ராமஸ்வாமி பரமேஸ்வரனைச் சென்னை மறக்கவில்லை. பரங்கிமலைப் பயிற்சி நிலையத்திலிருந்து 1972இல் வெளிவந்தவர், 1987 நவம்பர் 25ஆம் தேதி இலங்கையில் நடந்த போரில் இறந்தார், பரம்வீர் சக்ரா பெற்றார். அந்தப் போரின் அரசியல் பற்றி நமக்குள் இருக்கும் ஆழமான வேறுபாடு தனி விஷயம். இங்கே நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். இரவு ரோந்தில் பதுங்கித் தாக்கியவர்களை எதிர்த்துச் சென்று, நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டபோது அவருக்கு வயது 41. அவர் தொடர்ந்து பணியில் இருந்தவர், திரும்பி வந்தவர் இல்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அப்படிச் சொல்லும்போதே ‘நாற்பதில் உடம்பு முடிந்துவிடுகிறது’ என்ற வாதத்தை விட்டுக்கொடுத்தாகிவிட்டது. மிஞ்சுவது பயிற்சியும் பழக்கமும் விட்டுப்போவது பற்றிய வாதம். விட்டுப்போன பழக்கத்தை மாதக்கணக்கில் மீட்கலாம். உலகெங்கும் ரிசர்வ் படைகள் அதைத்தான் செய்கின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் முதலில் அழைத்தது யாரை? 2014ஆம் ஆண்டுக்குப் பிறகு கிழக்குப் பகுதியில் போரிட்டுவிட்டு வீடு திரும்பிக் கடை வைத்தவர்களையும் லாரி ஓட்டியவர்களையும் அலுவலகம் போனவர்களையும்தான். முன்வரிசை ரிசர்வ் பட்டியலில் அவர்கள் பெயர்கள் இருந்தன.

துப்பாக்கி மட்டுமே ராணுவம் என்ற நினைப்பும் இந்தச் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. முசூரி மலைகளைச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் மொட்டையடித்திருந்த காலத்தில், 1982இல், பிராந்திய ராணுவத்தின் முதல் சுற்றுச்சூழல் பட்டாலியன் உருவானது. ஊர் திரும்பிய முன்னாள் படைவீரர்களை மறுபடி சீருடையில் சேர்த்து மரம் நடவைத்தார்கள். வெடிவைத்துக் குதறப்பட்ட அந்தச் சரிவுகளில் இன்று பசுமை திரும்பியிருப்பதில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அந்த வெற்றியைப் பார்த்தே வேறு மாநிலங்களிலும் இத்தகைய பட்டாலியன்கள் வந்தன. இளைஞர்களால் செய்ய முடியாத வேலையா அது என்று கேட்கலாம். செங்குத்தான சரிவில் முகாமிட்டு, கட்டளைக்குக் கட்டுப்பட்டு, பருவம் தவறாமல் ஆண்டாண்டாக ஒரே வேலையைச் செய்யும் பழக்கமுள்ள, அதே மலையில் பிறந்து அந்த மண்ணை அறிந்த ஆயிரம் பேரை வேறு எங்கிருந்து திரட்டுவது? கொரோனா இரண்டாம் அலையின்போதும் அரசு இதே கதவைத்தான் தட்டியது. 2021 மே மாதம், 2017க்கும் 2021க்கும் இடையில் பணியிலிருந்து விடுபட்ட ராணுவ மருத்துவர்களில் நானூறு பேரை அதிகபட்சம் பதினொரு மாத ஒப்பந்தத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளப் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. ஆபத்து வாசலுக்கு வந்தபோது ‘போனவர் போனவர்தான்’ என்று அரசு சொல்லவில்லை. அவசரத்தில் சரியாக இருப்பது அமைதிக் காலத்தில் மட்டும் எப்படித் தவறாகும்?

ராணுவம் மாறிவிட்டது என்பது அடுத்த வாதம். மாறிவிட்டது உண்மை. டிரோன்கள், சைபர் தாக்குதல், செயற்கைக்கோள் படங்கள் என்று போரின் முகமே வேறாகியிருக்கிறது. ஆனால் இந்த மாற்றம் யாருக்குச் சாதகம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் சிக்னல்ஸ் படைப்பிரிவை விட்டு வந்த ஒரு கேப்டன், தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நெட்வொர்க் பாதுகாப்பில் பத்தாண்டு வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பின்தங்கிவிட்டாரா? முகாமுக்குள்ளேயே இருந்தவருக்குக் கிடைக்காத ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்புகிறவர் அவர். கிண்டியில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும், தரமணியில் டைடல் பூங்காவும், நகரெங்கும் பெரிய மருத்துவமனைகளும் இருக்கும் தென்சென்னையில் இப்படிப்பட்டவர்கள் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாதெமி, குறுகிய காலப் பணிக்கான அதிகாரிகளை 49 வாரத்தில் உருவாக்கி அனுப்புகிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பத்து ஆண்டு, நீட்டித்தால் பதினான்கு ஆண்டு பணி. அதாவது முப்பத்தைந்து வயதை ஒட்டி, கம்பெனியை வழிநடத்திய அனுபவத்தோடு, ஒரு பெரும் கூட்டம் ஆண்டுதோறும் வெளியே வருகிறது. இன்னொரு பக்கம், அண்மை ஆண்டுகளில் அரசு நாடாளுமன்றத்தில் தந்த பதில்களின்படி தரைப்படையில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட அதிகாரிப் பணியிடங்கள் காலி. கிண்டியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பரங்கிமலையில் செய்த செலவின் பலன் கிண்டியிலேயே உட்கார்ந்திருக்க, தரைப்படையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சினிமா பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்ற ஏளனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பிராந்திய ராணுவம் என்றதும் இந்த நகரத்துக்கு நினைவில் வருவது மகேந்திரசிங் தோனி. 2011இல் அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி தரப்பட்டது. கபில்தேவ், மோகன்லால் ஆகியோருக்கும் இத்தகைய பதவிகள் தரப்பட்டிருக்கின்றன. இதை வைத்து, பிராந்திய ராணுவமே பிரபலங்களுக்கான அலங்காரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கௌரவப் பதவி வேறு, தேர்வு எழுதி, நேர்முகத்தில் தேறி, லெப்டினன்ட்டாகத் தொடங்குவது வேறு. நாற்பது வயதில் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருப்பவரும் அங்கே போனால் லெப்டினன்ட்தான். அந்தப் பதவியில் ஆண்டுக்கு இரண்டு மாதம் முகாமில் இருந்துவிட்டு வர ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்றால் அவருக்குப் பகட்டு நோக்கம் இருக்கிறது என்று சொல்லக் கொஞ்சமாவது சான்று வேண்டும். 2025 மே மாதம், பஹல்காம் தாக்குதலுக்குப் பிந்தைய பதற்றத்தில், பிராந்திய ராணுவத்தினர் அனைவரையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தலைமைத் தளபதிக்கு அளித்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ முழுநேரப் பணியில் நிறுத்தவும் அந்த ஆணையில் ஒப்புதல் இருந்தது. அலங்காரத்தை யாரும் போர்முனைக்கு அழைப்பதில்லை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றை அவர்கள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். 2006க்கும் 2009க்கும் இடையில் விமானப்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட 32 பெண் அதிகாரிகள், தங்களுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது அநீதி என்று நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கத்து நியாயத்தை ஏற்றது. இருபது ஆண்டுப் பணி முடித்தவர்களுக்கு நிகராக அவர்களைக் கருதி, தகுதியுள்ளவர்களுக்கு ஓய்வூதியம் தரச் சொன்னது. ஆனால் மறுபடி பணியில் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டவர்களைத் திரும்ப எடுக்க முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்கிறதே என்று கேட்டால், தீர்ப்பை அதன் எல்லைக்குள் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன். வழக்கமான படையில், இடைப்பட்ட ஆண்டுகளின் பணிமூப்போடு, அவரவர் விட்ட வரிசையில் திரும்ப நுழைவது பற்றியது அந்தக் கேள்வி. அப்படி நுழைந்தால், நேற்றுவரை கீழே இருந்தவர்களுக்கும் மேலே வந்தவருக்கும் இடையில் வரும் சிக்கலை நான் மறுக்கவில்லை. என் வாதம் அந்தக் கதவுக்கானது இல்லை. பிராந்திய ராணுவம், டி.எஸ்.சி., ஒப்பந்தக் காலப் பணி, ரிசர்வ் பட்டியல் என்று அந்த வரிசையைக் குலைக்காத பக்கவாசல்கள் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. மேலும் அந்தத் தீர்ப்பு ஒரு வேதனையான உண்மையையும் காட்டுகிறது: அந்தப் பெண்கள் பன்னிரண்டு ஆண்டு வெளியே இருந்தது அவர்கள் விருப்பத்தால் அல்ல. உரிய நேரத்தில் ஒரு மாற்றுவழி திறந்திருந்தால், நாடு இழந்த அனுபவத்துக்குப் பணம் கொடுத்து ஈடுகட்டும் நிலை வந்திருக்காது.

குடும்பத்தைப் பார் என்ற வாதம்தான் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்கவைக்கிறது. வீட்டுக்கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வயதான பெற்றோர் என்று இருக்கும் வீட்டில், கணவரோ மனைவியோ இரண்டு மாதம் முகாமுக்குப் போகிறேன் என்றால் அது காசும் கவலையும் கலந்த கேள்வி. இதற்கு வீரவசனம் பதிலாகாது, ஏற்பாடுதான் பதில். சிங்கப்பூரில் அந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கே தேசிய சேவையை முடித்துவிட்டு வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர், ‘ரிசர்விஸ்ட் போய்வருகிறேன்’ என்று அலுவலகத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆண்டுக்கு நாற்பது நாள்வரை அழைக்கப்படலாம். பொதுவாக நாற்பது வயது வரை, அதிகாரிகளென்றால் ஐம்பது வயது வரை இந்தக் கடமை. அந்த நாட்களுக்கான வருமான இழப்பை அரசு ஈடுகட்டுகிறது, முதலாளி விடுப்பு மறுக்க முடியாது. அங்கே அது கட்டாயம், இங்கே விருப்பம். சிறிய நாட்டின் தேவையும் நம் தேவையும் ஒன்றில்லை. கட்டாய சேவையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கணக்குப் போடும் முறையை மட்டும் அங்கிருந்து கற்கலாம் என்கிறேன். நம் பிராந்திய ராணுவச் சட்டத்திலும் பணிக்கு அழைக்கப்பட்டவரை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் கடமை முதலாளிக்கு உண்டு. அதை மீறினால் ஆறு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அபராதமோ ஆயிரம் ரூபாய் வரைதான். அந்தத் தொகை எழுதப்பட்ட காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்று ராஜீவ் காந்தி சாலையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அது செலவுக் கணக்கிலேயே வராது. குடும்பத்தின் மீது அக்கறை உள்ளவர்கள் இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். திரும்பப் போக விரும்புகிறவரை வீட்டுக்குள் வைத்துக் கண்டிப்பதால் எந்தக் குடும்பமும் பாதுகாப்பாகிவிடாது.

இடதுசாரி நண்பர்கள் சிலர் வேறொரு கோணத்திலிருந்து வருகிறார்கள். டி.எஸ்.சி.க்குத் திரும்பப் போகிறவர் தேசப்பற்றால் போகவில்லை, வெளியே கௌரவமான வேலை கிடைக்காததால் போகிறார். இதைப் பெருமைப்படுத்துவது வறுமையைப் பெருமைப்படுத்துவது என்கிறார்கள். பணத்துக்காகப் போகிறார்கள் என்பது பலர் விஷயத்தில் உண்மையாக இருக்கலாம். முழுப் பணிக்காலம் முடித்தால் அங்கே இரண்டாவது ஓய்வூதியமும் உண்டு. அதிலென்ன குற்றம்? ஆசிரியர் சம்பளத்துக்காகப் பள்ளிக்குப் போகிறார், மருத்துவர் சம்பளத்துக்காக மருத்துவமனைக்குப் போகிறார், அவர்கள் தொழிலின் மதிப்பு அதனால் குறைவதில்லை. நகைக்கடை வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, வரும் கார்களுக்கெல்லாம் கதவு திறந்துவிடும் வேலையைவிட, தான் பதினேழு ஆண்டு கற்ற தொழிலுக்கு, கற்ற மரியாதையோடும் நிச்சயமான சம்பளத்தோடும் திரும்புவதை ஒருவர் தேர்ந்தெடுத்தால் அது சுரண்டலாகாது. தேர்ந்தெடுக்க அவருக்கு வழியே இல்லாமல் வைத்திருப்பதுதான் சுரண்டலுக்கு நெருக்கமானது.

இந்த விவாதத்தை இப்போதே நடத்தியாக வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறது. 2022 ஜூன் 14ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும், அறிவிப்பின்படி, அதிகபட்சம் 25 சதவீதம் பேரே தொடர்வார்கள். மற்றவர்கள் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சேவா நிதியோடு, இருபத்தைந்து வயதை ஒட்டி, ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. மத்தியப் படைகளில் இடஒதுக்கீடு, தொழில் கடன், நிறுவனங்களில் வேலை என்று வாக்குறுதிகள் பேசப்பட்ட அளவுக்கு, பயிற்சி பெற்ற இந்த இளைஞர்களைத் தேவைப்படும்போது திரும்ப அழைக்கும் ஒரு ரிசர்வ் ஏற்பாடு பேசப்படவில்லை. அந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த இடத்தில் ஒன்றுசேரலாம். முழங்கால் தேய்ந்துவிட்டது என்ற வாதத்தை இருபத்தைந்து வயதுக்காரரிடம் யாராலும் சொல்ல முடியாது. பத்து ஆண்டு கழித்து அவர் முப்பத்தைந்து வயதில், எலக்ட்ரீஷியனாகவோ செவிலியராகவோ மென்பொருள் வல்லுநராகவோ ஆகி, மறுபடி வர விரும்பினால் எந்த வாசலில் நிற்பார்? இன்று அதற்குத் தெளிவான பதில் இல்லை.

போர்க்காலத்தை விடுங்கள், 2015 டிசம்பர் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியபோது ராணுவமும் கடற்படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. அதே தெருக்களில் வசித்த முன்னாள் படைவீரர்கள், முன்னாள் ராணுவப் பொறியாளர்கள், முன்னாள் ராணுவ மருத்துவர்கள் பலர் தாங்களாகவே இறங்கி உதவியிருப்பார்கள். ஆனால் அவர்களை அணியாகத் திரட்டி, படகையும் வயர்லெஸ்ஸையும் கையில் கொடுத்து, இந்தத் தெரு உங்கள் பொறுப்பு என்று சொல்லும் முறை ஒன்று நம்மிடம் இல்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் பதிவேடு இருக்கிறது. அது கல்வி உதவித்தொகைக்கும் விதவையர் நிதிக்கும் வேலைவாய்ப்புப் பதிவுக்கும் பயன்படுகிறது. அந்தப் பயன் மிக முக்கியமானது. அதே பதிவேட்டில் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: வெளியே வந்த பிறகு என்ன கற்றீர்கள், அழைத்தால் ஆண்டுக்கு எத்தனை நாள் வர முடியும்?

தென்சென்னையின் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மத்திய சென்னையின் உறுப்பினரிடமும் இதைப் படிக்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். பிராந்திய ராணுவச் சட்டத்தின் மறுவேலைப் பிரிவைத் திருத்தி, அபராதத்தை இன்றைய மதிப்புக்கு உயர்த்தி, முகாம் நாட்களின் வருமான இழப்பை அரசே ஏற்கச் செய்ய வேண்டும். வெளியேறும் அக்னிவீரர்களுக்கு விருப்பத்தின் பேரில் ரிசர்வ் பட்டியல் ஒன்று வேண்டும், அதற்கு ஆண்டு ஊதியம் வேண்டும். டி.எஸ்.சி.யினருக்கு வழக்கமான படைக்கு நிகரான ஆயுதமும் பயிற்சியும் தரப்பட வேண்டும். உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ ஒருவர், எத்தனை ஆண்டுக்குப் பிறகானாலும், மறுபடி சீருடை போடப் போகிறேன் என்று சொன்னால், வயதைக் கேட்பதற்கு முன் அவருக்கு விடுப்பு கொடுங்கள்.